டயர் மாற்றிய கதை (கொஞ்சம் நீளமான பதிவு)



நான்கு நாளாக ஒரே போன். "சார், வண்டியிலேர்ந்து விழுந்துட்டீங்களாமே?" விழவில்லை. என் மைத்துனர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட நான்கு வரி, சிங்கப்பூர் வரை போய்த் திரும்பி வருவதற்குள் எனக்குக் காலில் மாவுக்கட்டுப் போட்டுவிட்டது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். என்னிடம் படித்தவர்களுக்கு நீளம் பழக்கம்தான். மற்றவர்கள் காபியோடு உட்காருங்கள்.

எந்தக் கம்பெனி வண்டி, எந்த ஷோரூம், என்ன பிராண்ட் டயர் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். பெயரைப் போட்டால் பேச்சு அந்தக் கடையோடு நின்றுவிடும். வண்டி சாதாரண நூறு சிசி வண்டி, ஒன்பது வயசு. திருச்சியில் ஓடுகிற வண்டிகளில் பாதி அந்த ஜாதிதான்.

டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. டயரின் பள்ளங்களுக்குள்ளே அங்கங்கே சின்னச் சின்ன மேடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதோடு அதன் ஆயுசு முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 94 சொல்வது: இருசக்கர வண்டிக்குப் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, காருக்கு 1.6. என் பின் டயர் அந்த எல்லையில் நின்றது.

0.8 மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு கவலை என்பவர்களுக்கு, பத்தாம் வகுப்பில் நாம் போட்ட அழுத்தக் கணக்கு. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். வண்டி, நான், வீட்டம்மா மூவரும் சேர்ந்து 235 கிலோ சொச்சம். அதில் பின் சக்கரத்தின் மேல் ஏறுவது 150 கிலோ என்று வையுங்கள். டயரில் காற்று 28 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 2 கிலோ. வகுத்தால் 75 சதுர சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கையை ரோட்டில் வைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவு. இரண்டு பேர் உயிரும் அந்த உள்ளங்கை அகலத்தில்தான் பிடித்துக்கொண்டு போகிறது. மழையில் அந்த இடத்துக்கு அடியிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்களின் வேலை.

சரி, கதைக்கு வருகிறேன்.

வழக்கமாக டயர் வேலைக்கு நான் ஷோரூம் போகிறவன் இல்லை. இந்தத் தடவை பெங்களூரில் இருக்கும் மகன் பிடிவாதம். "அப்பா, ரோட்டோரக் கடை வேண்டாம், அங்கே ட்ரெய்ன்டு ஆளுங்க, ஒரிஜினல் பொருள்" என்று அவனே போனில் புக் செய்து பணமும் கட்டிவிட்டான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. வண்டி செய்த கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடை, அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரென்ச், பில், கியாரண்டி. நம்புவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம், வியாழக்கிழமை. காலை பத்தரைக்கு வண்டியை விட்டேன். சட்டையில் பெயர் குத்திய ஒரு பையன் டேப்லெட்டில் ஏதோ தட்டிவிட்டு, "சார், லவுஞ்ச்ல உட்காருங்க" என்றான். ஏசி, டிவி, மெஷின் காபி எல்லாம் இருந்தன. வேலை நடக்கும் இடத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. அதில் கம்பெனி விளம்பரத்தைப் பெரிதாக ஒட்டி வைத்திருக்கிறார்கள், ஆகவே கண்ணாடி என்று சொல்லலாம், சுவர் என்றும் சொல்லலாம். நான் எழுந்து உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். "கஸ்டமர் நாட் அலவுட் சார், சேஃப்டி" என்றார்கள். ஒரு மணிக்கு வண்டி பளபளவென்று கழுவித் துடைத்து வந்தது. பில் 4,200 ரூபாய்: இரண்டு டயர், இரண்டு டியூப், கூலி.

சத்திரம் வரை ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு இரைச்சல். காவிரிப் பாலம் ஏறியபிறகுதான் காதில் விழுந்தது. பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், 1976இல் திறந்த இந்தப் பாலத்தில் கொஞ்ச வருஷமாக ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி 'தடக், தடக்' என்று குதிக்கும். 2022 கடைசியில் மூடி, 2023 மார்ச்சில் திறந்தபிறகு அந்தத் தடக் அடங்கிவிட்டது. அதனால் வண்டி போடும் சத்தம் தனியாகக் கேட்கிறது. பிரேக்கை மிதித்தால் பின்னாலிருந்து ஒரு 'டிக்'. விட்டால் ஒரு 'டிக்'. ஒவ்வொரு தடவையும். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது, பாலத்தின் இரு பக்கமும் ஜனங்கள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக இருபது வேகத்தில் ஊர்ந்து மாம்பழச் சாலைக்கு வந்து சேர்ந்தேன்.

அந்தப் பக்கம் நம் மாணவர் ஒருவர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். 1990களில் என்னிடம் படித்தவர். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. அவர் வகுப்புத் தோழர்களுக்கு யார் என்று தெரியும். கடைசி பெஞ்ச். மின்சாரப் பாடத்தில் மட்டும் முதல் மார்க்.

"சார், வாங்க. புது டயரா? எங்க போட்டீங்க?" என்றார். சொன்னேன். முகத்தில் ஒரு சின்ன வருத்தம் வந்து போனது. நியாயம்தான், பத்து வருஷமாக என் வண்டி அவர் கடைக்குத்தான் வரும். "ஒரு சத்தம் கேக்குதுப்பா" என்று சொன்னதும் வருத்தம் போய்விட்டது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கையால் பிரேக் பெடலை அழுத்தினார். டிக்.

அப்படியே தரையில் படுத்துப் பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை. "சார், அம்மாவை ஏத்திட்டு எங்கயாவது போனீங்களா இன்னிக்கி?"

"இல்லப்பா. நாளைக்கு ஆடி வெள்ளி, சமயபுரம் போறோம்."

"இங்க குனிஞ்சு பாருங்க சார்."

அவர் காட்டியதை விளக்கிச் சொல்ல வேண்டும். டிரம் பிரேக் எப்படி வேலை செய்கிறது? சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவது டிரம். அதற்குள்ளே விரிந்து உரசுகிற கட்டைகள் ஒரு வட்டத் தட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. தட்டு சுற்றக் கூடாது. சுற்றாமல் இருக்க, ஒரு இரும்புப் பட்டையால் அதை வண்டியின் சட்டகத்தோடு போல்ட் போட்டுக் கட்டியிருப்பார்கள். அந்த நட்டு அதிர்வில் கழலாமல் இருக்க, போல்ட்டின் ஓட்டை வழியாக ஒரு ஸ்பிளிட் பின்னைக் கோத்து வளைத்துவிடுவார்கள். அரை விரல் நீளக் கம்பி, விலை இரண்டு ரூபாய்கூட இருக்காது. பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் இதைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

என் வண்டியில் அந்தப் பின் இல்லை. நட்டு போல்ட்டின் நுனியில் இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் திருகினார், கையோடு வந்துவிட்டது.

அது நாளைக்கு நம்பர் ஒன் டோல்கேட் தாண்டிப் பெரிய ரோட்டில் விழுந்திருந்தால்? பிரேக் மிதித்ததும் டிரம் அந்தத் தட்டையும் சேர்த்துச் சுற்றியிருக்கும். தட்டு சுற்றினால் பிரேக் ராடை இழுத்து முறுக்கும், சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரி. மேலே எழுத எனக்கு விருப்பமில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசாமல் சமயபுரத்தாளுக்கு இரண்டு ரூபாய் மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள்.

"இருங்க சார், முழுசாப் பாத்துடலாம்" என்று முன் சக்கரத்துக்கு வந்தார். டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும், சக்கரம் சுற்ற வேண்டிய திசை. என் முன் டயரில் அம்பு பின்னோக்கிக் காட்டியது. பள்ளங்களின் சாய்வு தண்ணீரை வெளியே ஒதுக்கும்படி அமைந்தது, திருப்பிப் போட்டால் அந்தக் கணக்கு தலைகீழ். உயிர் போகிற தப்பு இது இல்லை. ஆனால் டயர் போடத் தெரிந்த யாரும் இதைச் செய்யமாட்டார்கள், அவசரத்தில் இருந்தவர்கள் செய்வார்கள்.

பிறகு அம்புக்குப் பக்கத்தில் நான்கு எண். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். என் புது டயர் இரண்டிலும் 2219. அதாவது 2019ஆம் வருஷத்தின் 22ஆவது வாரம், மே மாசக் கடைசி. கொரோனாவுக்கு முன்னால் பிறந்த டயரை 2024 ஆகஸ்டில் புதுசு என்று என்னிடம் விற்றிருக்கிறார்கள். டயர் ஒன்றும் ஊறுகாய் இல்லை. அலமாரியில் சும்மா இருந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரைத் தின்றுகொண்டேதான் இருக்கும். மெல்ல இறுகும், வெடிப்பு விடும். நிழலில் நன்றாக வைத்திருந்தால் ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. அதற்குப் புது விலை எதற்கு?

இதில் என் ஆற்றாமை வேறு. டயர் நம் மாநிலத்தில் விளைகிற சரக்கு. நம்மூரிலிருந்து சென்னை ரோட்டில் போனால் பெரம்பலூருக்கு முன்னால் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை. மதுரைப் பக்கம் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். குடும்பத்து டயர் ஆலை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று போனால் எண்ணி மாளாது. (எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்துதான் ஆரம்பித்தது என்பது நம் பசங்களுக்குத் தெரியுமோ என்னவோ.) இரண்டு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய பொருள், ஐந்து வருஷம் பழசாக என் வண்டிக்கு வந்திருக்கிறது.

கடைசியாக டியூப். "பில்லுல ரெண்டு டியூப் போட்டிருக்கு சார், கழட்டிப் பாக்கட்டுமா?" என்றார். கழற்றினார். முன் சக்கரத்தில் புது டியூப். பின் சக்கரத்தில் இருந்தது என்னுடைய பழைய டியூப்பேதான். அதில் அவர் கையால் போன வருஷம் போட்ட ஒட்டு இருந்தது. தன் ஒட்டைத் தானே தடவிப் பார்த்துச் சிரித்தார். "நல்லாத்தான் புடிச்சிருக்கு சார்."

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரியாக மாட்டினார். புது டியூப்பை உருண்டையாக்கும் அளவு கொஞ்சம் காற்று ஊதி, மடிப்பு விழாமல் டால்க் பவுடர் தூவி உள்ளே வைத்தார். டயரில் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும், எடை குறைந்த இடத்துக்கு அடையாளம். அதைக் காற்று அடிக்கும் வால்வுக்கு நேராக வைத்தார். செயினின் இரு பக்கக் கோடும் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தார். கடைசியாக ஸ்பிளிட் பின், புதுசு. அதை வளைத்ததும் நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அப்பா பொன்மலை ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சின்ன வயசில் அவர் சைக்கிளைப் பிரித்து மாட்டும்போதெல்லாம் அப்படித்தான் கோடு இழுப்பார். நட்டு நகர்ந்தால் கோடு உடையும், தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். "யார்ப்பா சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன். "நீங்கதான் சார். ஒன்பதாவதுல, அதிர்வு பாடம் நடத்தும்போது உங்க அப்பா கதை சொன்னீங்களே." எனக்கு அப்படி ஒரு வகுப்பு நடத்திய ஞாபகமே இல்லை.

வெள்ளிக்கிழமை சமயபுரம் போய்த் தரிசனம் நன்றாக ஆயிற்று. சனிக்கிழமை ஷோரூம்.

மேனேஜர் மரியாதையான மனுஷர். கழற்றிய பழைய டியூப்பையும் பில்லையும் மேஜைமேல் வைத்து, போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். அவர் முதலில் சொன்னது, "சார், ஃப்ரீ வாஷ், பாலிஷ் போட்டுத் தர்றேன்." நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முப்பத்து நான்கு வருஷம் வகுப்பில் நின்றவனுக்கு அந்த வித்தை கைவந்தது. அடுத்து, "எந்தப் பையன்னு பாத்து இன்னிக்கே அனுப்பிடுறேன் சார்" என்றார். கூப்பிட்டும் விட்டார்.

வந்தவனுக்கு இருபது வயசு இருக்கும். ஐ.டி.ஐ. முடித்து எட்டு மாசம். தினம் மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவன். கைகட்டி நின்றான். பின்னால் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் ஒவ்வொரு பையன் பெயருக்கும் நேராக அன்றன்றைக்கு முடித்த வண்டிகளின் எண்ணிக்கை. வியாழக்கிழமைக் கட்டத்தில் அவன் பெயருக்கு நேராக 11.

"தம்பி, என் வண்டில பின் சக்கரம் மாட்டும்போது நடுவுல யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன். மேனேஜரைப் பார்த்தான். "சொல்லு, ஒண்ணும் ஆகாது" என்றேன். புது வண்டி டெலிவரி, மாலை போட்டு போட்டோ எடுக்க ஆள் வேணும் என்று பாதியில் கூப்பிட்டிருக்கிறார்கள். இவன் போய்த் திரும்பி வருவதற்குள் வேறொருவன் வண்டியைக் கழுவத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். இவன் அவன் இறுக்கியிருப்பான் என்று நினைத்தான். அவன் இவன் இறுக்கிவிட்டான் என்று நினைத்தான். ஜாப் கார்டில் 'ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்' என்ற கட்டத்தில் மட்டும் டிக் இருக்கிறது. அந்த டிக்கைப் போட்டவர் வண்டியைப் பார்த்தாரா என்பதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எழுத்தில் புகார் கொடுத்தேன், ஒரு பக்கம். அந்தப் பையனை வேலையை விட்டு அனுப்பினால் மேலே கம்பெனிக்கும் இதே காகிதம் போகும் என்று கடைசி வரியில் எழுதினேன். பதினொன்று என்ற எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். ஓர் ஆள் ஒரு நாளைக்கு எத்தனை வண்டியைக் கழுத்தறுபடாமல் பார்க்க முடியும் என்று முடிவு செய்தவர் அந்தப் பலகைக்கு வெளியே எங்கோ உட்கார்ந்திருக்கிறார், அவர் பெயர் பலகையில் இல்லை.

டயர் இரண்டையும் அந்த வருஷத் தேதியுள்ளதாக மாற்றிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை உள்ளே நின்று பார்த்தேன், யாரும் சேஃப்டி பேசவில்லை. டியூப் காசும் வந்தது. அந்தப் புது டியூப் எங்கே போயிற்று என்று மட்டும் கடைசி வரை யாரும் சொல்லவில்லை. களைப்பில் பின் விட்டுப்போகும், அம்பு திரும்பும். பில் போட்ட டியூப் களைப்பில் காணாமல் போகாது. அந்த இரண்டையும் நான் ஒன்றாகச் சேர்க்கவில்லை, காகிதத்திலும் தனித்தனிப் பத்தியாகத்தான் எழுதினேன்.

இதற்காக ஷோரூமே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். நம் மாணவரிடமே கேட்டேன். "சார், இன்ஜின் வேலைன்னா அங்கதான் போகணும். அவங்ககிட்ட மெஷின் இருக்கு. எங்க ஆளுங்கள்லயும் லீவர் போட்டு நெம்பி டியூப்பைக் கடிக்க வைக்கறவன், சுத்தியலால ரிம்மை நெளிக்கறவன் இருக்கான்" என்றார். அவர் கடையில் இருப்பது ஒன்றுதான்: ஸ்டூல் போட்டு வண்டிக்கு மூன்றடி தள்ளி உட்காரலாம். மறைக்க அவருக்கு இடமில்லை. என் அப்பா காலத்தில் ஊரில் எல்லா வேலையும் அப்படித்தான் கண்ணெதிரே நடந்தது. கண்ணாடி லவுஞ்ச் வந்தபிறகு நாம் காபியைத்தான் பார்க்கிறோம்.

மகனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எங்கே வேண்டுமானாலும் மாற்றுங்கள். டயரை வண்டியில் ஏற்றும் முன்பே கொண்டுவந்து காட்டச் சொல்லி அந்த நான்கு எண்ணைப் படியுங்கள். கழற்றிய பழைய டயரையும் டியூப்பையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், அப்போது எது உள்ளே போனது என்று தெரியும். வாசலிலேயே சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக் போட்டுப் பாருங்கள், ஸ்பிளிட் பின் எங்கே என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற கடையில் வண்டியை விடாதீர்கள். புது டயரின் மேலே ஒரு வழவழப்பு இருக்கும், முதல் நூறு கிலோமீட்டருக்கு வளைவில் சாய்க்காதீர்கள், கல்லூரி போகும் பேரன்மார்களுக்கு முக்கியமாக.

நம் மாணவருக்கு அன்றைக்குப் பணம் கொடுக்கப் போனேன். "உங்ககிட்டயா சார்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒன்றரை மணி நேரம் வேலை செஞ்சிருக்கே, வாங்கலேன்னா அடுத்த தடவை எப்படி வர்றது?" என்றேன். டியூப்புக்கும் பின்னுக்கும் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார். ஸ்பிளிட் பின் ஒரு ரூபாய். பில் கேட்டேன், சிரித்தார்.

இனி வீட்டுப்பாடம். ரொம்ப நாளாயிற்று உங்களுக்குக் கொடுத்து. இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வண்டி, காராக இருந்தாலும் சரி, டயர் பக்கவாட்டிலுள்ள அந்த நான்கு எண்ணைப் பார்த்துக் கீழே எழுதுங்கள். அமெரிக்கா, துபாய் ஆட்களும் தப்பிக்க முடியாது, அங்கேயும் இதே எண்தான். கடைசி இரண்டு எண் 17க்குக் கீழே இருந்தால் இங்கே எழுத வேண்டாம், நேராக எனக்குப் போன் செய்யுங்கள். ஒன்பது மணிக்குள். அப்புறம் நான் தூங்கிவிடுவேன்.